ஆதாரம் கேட்டவர்

லாரியின் முன்கண்ணாடி உடைந்து என் கடைக்கு வந்தால் மற்றவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள். அவர் கேபினுக்குள் ஏறி, ஓட்டுநர் இருக்கையின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவுவார்.

"ஓடுறப்ப கல்லு பட்டுதுன்னு சொல்றீங்க. அப்பத் தூளு இங்கதானுங்களே உழுந்திருக்கோணும்? காணோமே."

குரலில் கோபம் இருக்காது. கிண்டலும் இருக்காது. ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு, ஷெட்டில் வண்டி நின்றிருந்தபோது ஏணி சாய்ந்த கதையைச் சொல்லத் தொடங்குவார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நேரம் மிச்சமுங்க" என்று அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்.

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சொல்லப்படுவதுதான் நடந்ததா என்று எழுதிக் கொடுப்பது வேலை. எனக்கு நாமக்கல்லில் லாரிக் கண்ணாடிக் கடை. எங்கள் குடும்பம் சேலம் டவுனில் கண்ணாடி வியாபாரம் செய்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் மட்டும் பிரிந்து வந்து இங்கே கடை போட்டேன். லாரிகள் இருக்கிற ஊரில் கண்ணாடிக்காரனும் சர்வேயரும் சந்திக்காமல் இருக்க முடியாது. முதலில் வேலையாக வந்தார். பிறகு வேலை இல்லாமலும் வந்தார். அவர் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார். சர்க்கரை நோய் கிடையாது. "சக்கரை போட்டா நல்ல டீயா கெட்ட டீயான்னு தெரியாதுங்க பாய்" என்பார்.

ஒருநாள் ராசிபுரத்து வாடிக்கையாளர் ஒருவர், அங்கே நல்ல மழை, அதில்தான் வந்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். சர்வேயர் எட்டி வெளியே நின்ற பைக்கைப் பார்த்தார். "மட்கார்டுல சேறு இல்லீங்களே?" வந்தவர் முகம் விழுந்துவிட்டது. அன்று அவர் ஊரிலிருந்தே வரவில்லை, மழை என்று தன் தம்பி போனில் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் சின்னப் பொய்யால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் சர்வேயரால் கேட்காமல் இருக்க முடியாது. பெண் பார்க்கப் போகிற வீடுகளுக்கு அவரைக் கூப்பிடுவதைச் சொந்தக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். "தங்கமான பையன்" என்று யாராவது சொன்னால், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டுவிடுவார்.

தனக்கும் அவர் விலக்கு வைத்துக்கொண்டதில்லை. அவருடைய சொந்தக் காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டார். வேறு சர்வேயர் பார்க்க வந்தார். அவர் எல்லாம் தெரிந்த நண்பர். எப்படி எழுதினால் சுலபம் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். இவரோ, "நான் கண்ணாடியைப் பாக்காம எடுத்தனுங்க. அப்படியே எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர் என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் அதில் மரியாதை இருந்தது.

சாமி விஷயத்தில் அவர் யாரையும் சண்டைக்கு இழுத்ததில்லை. மேடைப் பேச்சு, துண்டுப் பிரசுரம் எதுவும் கிடையாது. அவர் மனைவிக்குப் பக்தி அதிகம். வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போனால் இவர் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். யாராவது எதிரில் வந்து சாமியைப் பற்றி ஏதாவது சொன்னால்தான் சிக்கல்.

ஒருமுறை அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஆத்தூர் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடிக்கு மதிப்புப் போட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டுநருக்கு நெற்றியில் சின்னக் கட்டு மட்டும். சாலையோரத்தில் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றி வைத்திருந்தார். "சாமிதானுங்க காப்பாத்துச்சு. இல்லீன்னா நான் இந்நேரம் இல்ல" என்று கும்பிட்டார்.

"லோடு மேல உக்காந்துட்டு வந்தவங்க ரெண்டு பேருங்க?" என்று இவர் கேட்டார்.

அவர்கள் அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார்கள். ஓட்டுநர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். திரும்பும்போது பொறுக்காமல் சொன்னேன்.

"அந்த இடத்துல அதைக் கேட்டிருக்க வேணாம்ணே."

"தப்புத்தானுங்க. கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் ஓட்டினார். "ஆனா அவரு அப்படி எப்படி நெனைக்கறாருன்னு எனக்கு உண்மையாலுமே தெரியோணும் பாய். இவரை எடுத்து வெளிய வெச்ச கை, அந்த ரெண்டு பேரை ஏன் வெக்கல?"

"அது அவனுக்குத்தான் தெரியும்ணே."

"அவன்னா ஆருங்க?"

"படைச்சவன்."

அவர் சாலையை விட்டுக் கண் எடுக்காமல் பேசினார். "மண்ணுல டயர்த் தடம் இருந்தா ஒரு வண்டி போயிருக்குதுன்னு நான் எழுதுவேன். அதுல சந்தேகம் இல்ல. ஒலகம்னு ஒண்ணு இருக்குது, அதனால செஞ்சவன் ஒருத்தன் இருந்திருப்பான்னு நீங்க சொன்னா அதைக்கூட ஒத்துக்கலாம். ஆனா ஓட்டிட்டுப் போனது ஆரு, நல்லவனா கெட்டவனா, எங்க போனான், திரும்பி வருவானா, இதையெல்லாம் தடத்தை வெச்சு எழுத முடியாதுங்க பாய். நேர்ல வராத ஆளை, ஆஜராகலைன்னுதான் எழுதோணும்."

"உங்களுக்கு வராத ஆளு. எனக்கு தினமும் வர்றான்."

"பாத்தீங்களா?"

"பாக்கலை. நம்பறேன்."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, பொறாமைப்படுகிற ஆள் சிரிப்பது போல. "அது வேற தொழிலுங்க. எனக்குக் கை வராது" என்றார்.

அவரோடு இருந்தபோது காதில் விழுந்த கேள்விகளில் இன்னொன்றும் என் மனதில் தங்கிவிட்டது. அதைக் கேட்டது அவர்கூட இல்லை. அவரிடம் வந்த ஒரு பெண் கேட்டது.

ஓமலூர்ப் பக்கம் அவளுக்கு ஊர். கணவன் லாரி ஓட்டுநர். வடக்கே எங்கோ லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனவன் திரும்பவில்லை. அவன் பெயரில் விபத்துக் காப்பீடு இருந்தது. யாரோ இவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் கடையில்தான் உட்கார்ந்து பேசினார்கள்.

"செத்துட்டாருன்னு ஆதாரம் வேணும்மா. உடம்பு, இல்லீன்னா பாத்த சாட்சி. ரெண்டும் இல்லீன்னா ஏழு வருஷம் ஆரு காதுக்கும் சேதி வராம இருக்கோணும். அப்பத்தான் சட்டம் செத்ததா எடுத்துக்கும். அது வரைக்கும் நான் ஒண்ணும் எழுத முடியாது."

"அது வரைக்கும் அவரு உசுரோட இருக்கறாருங்களா?"

"அப்படியும் எழுத முடியாதும்மா."

"அப்ப நான் ஆருங்க?"

பொட்டு வைத்த நெற்றியோடு அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் டீ சொன்னேன். பிறகு அவர் அவளைக் காரில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "சட்டத்துல அதுக்குப் பதில் இல்லீங்க பாய்" என்றார். அந்தக் காப்பீட்டுக்காக அவர் தன்னால் முடிந்த இடத்துக்கெல்லாம் எழுதிப் போட்டதை நான் அறிவேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவருக்கு ஒரே பையன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் போர்வெல் வண்டிகளுக்கு மேனேஜராகப் போனான். மத்திய இந்தியாவில் காட்டுப் பகுதி. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டியோடு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிற வேலை. பையன் அவரைப் போல இல்லை. கலகலப்பானவன். விடுமுறையில் வந்தால் கடைக்கு வந்து, "பாய், எங்கப்பா இன்னைக்கு எத்தனை பேரை அழ வெச்சாரு?" என்று கேட்பான். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒருநாள் காலை, பக்கத்துச் சந்தைக்குப் போய் வருவதாகக் கூடாரத்தில் சொல்லிவிட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்திருக்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்துவிட்டது.

அவர் கிளம்பிப் போய் அங்கேயே பல வாரம் கிடந்தார். மொழி தெரியாத போலீஸ் ஸ்டேஷன்களில் காத்திருந்தார். ஆஸ்பத்திரிகளில் தேடினார். திரும்பி வந்தபோது சட்டை அவர் மேல் தொங்கியது. நான் வீட்டுக்குப் போனேன். நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

"பை இருக்குது. துணி இருக்குது. பர்ஸ் இல்ல, செருப்பு ஒரு ஜோடி இல்ல. ரோட்டுல ஒரு பொட்டிக்கடைக்காரரு பாத்திருக்கறாரு. ஷேர் ஆட்டோவுக்கு நின்னதைப் பாத்தவரு, ஏறுனதைப் பாக்கல."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, எம் பையனைப் பத்திப் பேசறீங்களா, உங்க வண்டியைப் பத்திப் பேசறீங்களா?"

விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் கையை மடக்கிக்கொண்டார்.

அந்த அக்கா மகனை எப்போதும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். இங்கே பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். அன்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எஞ்சாமி எங்கியோ இருக்குதுங்க பாய். நம்ம கண்ணுக்குத்தான் தெரியல" என்றார். ஒரு கணம் எந்தச் சாமியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்தால், அவருக்கே அந்த வித்தியாசம் அப்போது இருந்ததா என்று தெரியவில்லை.

அக்கா வேண்டாத தெய்வம் இல்லை. குறி சொல்கிற ஓர் அம்மாவிடம் போய்விட்டு வந்து, பையன் வடக்கே ஓர் ஆற்றங்கரையில் நல்லபடியாக இருக்கிறான் என்று முகம் மலரச் சொன்னார். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து வீட்டில் பலகாரம் செய்தார்களாம்.

"அந்தம்மாவுக்கு ஆரு சொன்னதுன்னு கேட்டியா?" என்றிருக்கிறார் இவர்.

"நீங்க கேப்பீங்கன்னுதான் உங்களைக் கூட்டிட்டுப் போகல."

அக்காவின் தம்பி ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர். அவர் ஒருநாள் இவரிடம் நேராகவே சொன்னார். "மாமா, இத்தனை வருஷமா நீங்க கையெடுத்ததில்ல. இப்பப் பையனுக்காக ஒருக்காக் கும்புடுங்க. நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி."

இவர் போனார். குலதெய்வக் கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க நின்று கை கூப்பினார். மறுநாள் கடைக்கு வந்து அதை என்னிடம் சொன்னார்.

"கை கூப்புனேன் பாய். அவ மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"எதுக்குண்ணே வெக்கம்?"

"அப்படி ஒருத்தன் இல்லீன்னா நான் கல்லுக்கு முன்னால நடிச்சுட்டு நிக்கறேன். அப்படி ஒருத்தன் இருந்தா, நான் நடிக்கறது அவனுக்குத் தெரியாதுங்களா? ரெண்டுல எதுவா இருந்தாலும் எம் பையனுக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்லீங்களே?"

தொழுகையில் அவனுக்காக துவா கேட்கிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னன்னு கேப்பீங்க?"

"நல்லபடியா வந்து சேரணும்னு."

"வந்து சேர்ற நெலமைல இருக்கறானான்னு தெரியாம எப்படிக் கேப்பீங்க?"

"தெரிஞ்சா துவா எதுக்குண்ணே?"

அவர் டீயை ஆறவிட்டு, ஆறிய பிறகும் குடிக்காமல் எழுந்து போனார். அவரை வாதத்தில் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அன்று இரவு முழுக்க அதை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

செத்துவிட்டான் என்று அவர் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் சொன்னதில்லை. உறவினர்கள் சிலர், இனிமேல் காரியத்தைச் செய்துவிடலாம், ஆத்மா அலையக் கூடாது என்று வந்தார்கள். "செத்ததுக்கு ஆதாரம் இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பினார். சிலர் ஆறுதலாக, "எங்கியாச்சும் இருப்பானுங்க, வந்துருவான்" என்றார்கள். அவர்களிடமும், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார். இரண்டு கூட்டமும் வருவதை நிறுத்திவிட்டன. பேசுவதற்கு ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். அவர் சாயவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஓமலூர்ப் பெண் எப்படியோ கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். ஒரு பை நிறையப் பச்சை நிலக்கடலை கொண்டுவந்திருந்தாள். நெற்றியில் இப்போது பொட்டு இல்லை. பழசு எதையும் அவள் பேசவில்லை. அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுருங்கக்கா. உட்டாத்தான் சோறு எறங்கும்" என்றாள்.

அக்கா கையை உருவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கதவோரம் நின்றிருந்த இவர் கேட்டார்.

"நீங்க எப்பம்மா உட்டீங்க? எதை வெச்சு?"

அவள் யோசித்தாள். "ஒண்ணையும் வெச்சு இல்லீங்க. பொண்ணுக்குக் காச்சல் வந்து ஃபிட்ஸ் ஆயிருச்சு. தூக்கிட்டு ஓடறேன். எப்பவும் ஊட்டை விட்டு வெளிய வந்தா, அவரு வாராரான்னு ரோட்டை ஒருக்காத் திரும்பிப் பாப்பேன். அன்னைக்குப் பாக்கல. ஆஸ்பத்திரில பொண்ணு கண்ணு முழிச்சப்புறம்தான், பாக்கலைங்கறதே எனக்கு ஞாபகம் வந்துச்சு. அப்பவே முடிஞ்சு போச்சுங்க."

வழக்கமாக ஒருவர் சொன்னதை அடுத்த கேள்வியால் தட்டிப் பார்ப்பவர், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

சில வருடங்கள் போயின. அந்தக் காட்டுப் பகுதிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. ஓடைக்கரையில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன, வயதும் உயரமும் ஒத்துப்போகிற மாதிரி இருக்கிறது, பெற்றோரின் ரத்தம் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. அந்த மாதங்களில் அக்கா விளக்கேற்றவில்லை. இவர் கடைக்கு வந்து உட்கார்ந்தால், சாலையில் போகிற லாரிகளின் முன்கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார்.

முடிவு வந்தது. அவன் இல்லை. அது வேறு யாரோ.

அக்கா வீடு முழுக்க ஓடினாராம். பூஜையறையில் விழுந்து கும்பிட்டாராம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "எஞ்சாமி உசுரோட இருக்குது, கவர்மெண்டே சொல்லிருச்சு" என்று சர்க்கரை கொடுத்தாராம். இவர் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உலகத்தில் எந்தப் புருஷனும் அந்த நேரத்தில் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பான். இவர் சொல்லிவிட்டார்.

"அந்த எலும்பு அவனோடது இல்லீன்னுதான் சொல்லியிருக்கறாங்க. அவன் இருக்கறான்னு சொல்லல."

அக்கா சர்க்கரைத் தட்டைக் கீழே வைத்தார். கத்தவில்லை, அழவில்லை. "எம் பையனை நீங்க ஒவ்வொரு நாளும் கொல்றீங்க" என்றார். மறுநாள் தம்பி வந்து ராசிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டில் இருந்ததில்லை.

அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். வேலையிலிருந்தும் விலகிவிட்டார். ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வெயிலுக்குத் தெருவில் ஆள் இல்லை. எதிர் ஷெட்டில் வெல்டிங் சத்தம் மட்டும். அவராகவே பேசத் தொடங்கினார்.

"அந்த ரிசல்ட்டு வந்தன்னைக்கு, மொதல்ல நான்தான் பிரிச்சுப் படிச்சேன். அவனுது இல்லீன்னு இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா பாய்?"

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"அவனா இருந்திருக்கக் கூடாதான்னு தோணுச்சு."

வெல்டிங் நின்று மறுபடி ஆரம்பித்தது.

"பெத்த அப்பன் நானு. அவ ஓடி ஆடறா, நான் இப்படி நெனச்சுட்டு நிக்கறேன். அதை அவகிட்டச் சொல்ல முடியாம அந்தப் பேச்சைச் சொல்லிட்டேன். அவன் செத்திருந்தாத் தேவலைன்னு நெனைக்கல பாய், அல்லாமேல சத்தியமா... உங்க சாமி மேல நான் சத்தியம் பண்ணக் கூடாது. ஆனா ஒரு முடிவு வேணும்னு அவ்வளவு ஆசையாப் போச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை விலக்கவில்லை.

"அன்னைக்கு ஆரையாச்சும் திட்டோணும் போல இருந்துச்சு. நல்லா, கெட்ட வார்த்தைல. பாத்தா ஆளு இல்ல. உங்களுக்கெல்லாம் ஒருத்தன் இருக்கறான். கோவத்தைக் கொண்டுபோய்க் கொட்டலாம். நான் ஆருகிட்டப் போறது?"

"இப்பவும் போகலாமேண்ணே."

"திட்டறதுக்கு ஒரு ஆளு வேணுங்கறதுக்காக ஒரு ஆளு இருக்கறான்னு எழுத முடியாதுங்க" என்றார். "முன்னயெல்லாம் படைச்சவனுக்கு நான் சுலபமா ஆதாரம் கேட்டேன். ஏன்னா அவன் இருந்தாலும் இல்லீன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அவன் வேணும்னே இல்ல. வேணுங்கறவங்க கேக்க மாட்டாங்கங்கறது இப்பத் தெரியுது. தெரிஞ்சும் எனக்குக் கேக்காம இருக்க முடியல. அதான் வேதனை."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் மகனைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் சாவு திடீரென்று வந்தது. காலையில் பால் வாங்கப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பார்த்த சாட்சிகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

நான் போனபோது உடலை ஃப்ரீசர் பெட்டியில் கூடத்தில் வைத்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து அக்கா வந்திருந்தார். தம்பியும், தம்பியின் மகனும் வந்திருந்தார்கள். சடங்கு வேண்டாம் என்று அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்ததால் மின்மயானத்துக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. இருந்தாலும் கொள்ளி என்று பெயருக்காவது ஒருவர் வைக்க வேண்டும். தம்பி மகன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். அக்கா அவனைப் பார்த்தார்.

"நீ எதுக்குக் கண்ணு? மகன் இருக்கறப்ப வேற ஆளு வெக்கலாமா?"

அவன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சேதி எப்படியாச்சும் அவனுக்குப் போயிரும். அப்பனுக்கு ஒண்ணுன்னா வராம இருப்பானா? பொறுங்க."

பொறுத்தார்கள். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. வெளியூர்க்காரர்கள் மாலையை வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மயானத்திலிருந்து நேரமாகிறது என்று போன் வந்துகொண்டே இருந்தது. தம்பி கெஞ்சினார், பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. கடைசியில் தம்பி என்னிடம் வந்து, "நீங்க சொன்னாக் கேக்கும்ங்க பாய்" என்றார்.

நான் போய் அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"பாய், நீங்க அஞ்சு வேளையும் தொழுகறவங்க. நீங்க சொல்லுங்க. எம் பையன் இருக்கறான்னு நீங்க நம்பறீங்கதானே?"

நம்புகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். பிறந்ததிலிருந்து கண்ணால் காணாத ஒருவனை நம்பித்தான் நான் ஒவ்வொரு நாளும் தரையில் நெற்றியை வைக்கிறேன். அதற்கு என்னிடம் யாரும் சான்று கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் முகம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருகூடச் சேந்து நீங்களும் கெட்டுப் போயிட்டீங்க" என்றார் அக்கா.

பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னதாக எல்லோரும் அர்த்தம் செய்துகொண்டார்கள். அமரர் ஊர்தியில் ஏற்றினோம். தம்பி மகன் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் ஏறி நின்று பார்த்தபோது, அக்கா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஊர்தியைப் பார்க்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து வருகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சாலையில் ஹெல்மெட் போட்ட ஒரு இளைஞன் பைக்கில் வந்தான். கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். அக்கா கேட்டை விட்டு ஓரடி முன்னால் வந்தார். அவன் ஊர்திக்காரரிடம் குனிந்து, பரமத்தி ரோட்டுக்கு இந்தப் பக்கமாகப் போகலாமா என்று கேட்டான். போகலாம் என்றார் அவர். அவன் போய்விட்டான்.